ஷேலாவில் ஒரு மாணவி



இந்த இதழில் ஒரு புதிய தொடர் தொடங்குகிறது. நம் நெடுநாள் வாசகி ஒருவரின் மகள் அமெரிக்காவில் நர்சிங் படிக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவர்கள் நிறையப் பேர். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கே நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறது. அதனால் கோடை விடுமுறையில் குவாத்தமாலாவுக்குப் போய், காலையில் ஸ்பானிஷ் படிப்பது, மதியத்துக்கு மேல் ஏதாவது தொண்டு வேலை செய்வது என்று சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தாள். அங்கிருந்து அம்மாவுக்கு எழுதியதைத்தான் பெரும்பாலும் தொகுத்து வெளியிடுகிறோம். பெயர் போடக் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. ‘பிடிக்காதவர்கள் உங்களைத் திட்டிக்கொள்ளட்டும்’ என்று எனக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். தாராளமாகத் திட்டுங்கள்.

ஸ்பெயின் இருக்கும்போது குவாத்தமாலா எதற்கு என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். முதல் காரணம் பணம். இரண்டாவது காரணம் அங்கே பாடம் நடத்தும் முறை. வகுப்பறையும் கரும்பலகையும் கிடையாது. ஒரு சின்ன மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர், தினமும் நான்கைந்து மணி நேரம். எதையும் படிக்காமல் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. இப்படிச் சொல்லித்தரும் பள்ளிகள் ஆன்டிகுவாவில்தான் அதிகம். 1773 நிலநடுக்கத்தில் சிதைந்து தலைநகர் என்ற தகுதியை இழந்த ஊர். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் நெரிகிற தெருக்களில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடலாம். அது வேண்டாம் என்கிறவர்கள் மேற்கே மலையேறி கெட்சால்தெனாங்கோ போகிறார்கள். அந்தப் பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொல்வதில்லை. பூர்வகுடிகளான மாயா மக்கள் வைத்த பழைய பெயரைச் சுருக்கி ‘ஷேலா’ என்கிறார்கள். பஸ் டிரைவருக்கு உதவியாளாகத் தொற்றிக்கொண்டு வரும் பையன் கத்துவதும் அதைத்தான்.

ஷேலா 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. மத்திய அமெரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போய் இறங்கியவளின் முதல் வாரக் கடிதங்களில் குளிரைத் தவிர வேறு செய்தி இல்லை. தங்கியது ஒரு குடும்பத்தோடு. பள்ளியே வீடு பார்த்துக் கொடுத்துவிடும், சாப்பாடும் அங்கேதான். குளியலறைக் குழாயின் தலையிலேயே மின்கம்பி செருகி வெந்நீர் வரவைத்திருக்கிறார்கள். பைப்பை முழுக்கத் திறந்தால் பச்சைத் தண்ணீர், நூலாக வைத்தால் கொதிநீர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் உண்டு. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு முழுக் கடிதமே எழுதியிருக்கிறாள். ஒரு வரி வெட்டாமல் போடுகிறோம்.

விடிவதற்கு முன்னால் பட்டாசுச் சத்தம். முதல் நாள் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் யாருக்கோ பிறந்தநாளாம். அங்கே பிறந்தநாளை அப்படித்தான், ஊரை எழுப்பிக் கொண்டாடுகிறார்கள். காலைச் சாப்பாடு பாலும் பட்டையும் போட்ட ஓட்ஸ் கஞ்சி. இல்லாவிட்டால் மசித்த கறுப்பு பீன்ஸ், முட்டை, துணியில் மூடி வைத்த தொர்த்தியா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அலசி அரைத்த மாவில் தட்டுவது. வெறும் மக்காச்சோள மாவு அப்படி ஒட்டாது, கையில் உதிரும். சுண்ணாம்பு சேர்வதால் மக்காச்சோளத்துக்குள் உடம்புக்குப் பிடிபடாமல் இருக்கும் நியாசின் சத்தும் கிடைக்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில் அந்தப் பகுதி மக்கள் இதைப் பிடித்திருக்கிறார்கள். காப்பிதான் அவளுக்கு ஏமாற்றம். உலகமெல்லாம் விரும்பி வாங்குகிற காப்பி விளையும் நாடு அது, வீட்டில் கிடைத்ததோ சர்க்கரை தூக்கலாக, கழுநீர் மாதிரி ஒரு தம்ளர். நல்ல கொட்டையெல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னாராம். அந்த அம்மாளை இவள் ‘தோன்யா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறாள். வியாழக்கிழமை என்றால் ‘பாச்சே’. உருளைக்கிழங்கு மசியலோடு இறைச்சித் துண்டும் குழம்பும் சேர்த்து இலையில் கட்டி அவித்தது. ஷேலாவில் வியாழனுக்கும் பாச்சேவுக்கும் அப்படி ஒரு பந்தம்.

எட்டு மணிக்கு வகுப்பு. நான் அதிகம் ரசித்துப் படித்த பக்கங்கள் இவை. இலக்கணத்துக்கு ஒரு மணி நேரம், மீதி எல்லாம் பேச்சு. அவளுடைய ஆசிரியை ஐம்பது வயதைத் தாண்டியவர். குடும்பம், கல்யாணம், சமையல் எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, கிராமத்தில் தன் சித்தப்பாவைச் சிப்பாய்கள் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனதைச் சொல்லியிருக்கிறார். அவர் திரும்பவில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்த இவளின் வினைச்சொல்லைத் திருத்திவிட்டு, அதே குரலில் மேலே சொல்லிக்கொண்டு போனாராம்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். குவாத்தமாலாவில் 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில்தான் சமாதான ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை கண்டறியும் ஆணையம் 1999இல் கணித்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். அத்துமீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுப் படைகளும் அவற்றைச் சேர்ந்த குழுக்களுமே பொறுப்பு என்றும் அந்த ஆணையம் சொன்னது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆட்சியிலிருந்த ஜெனரல் ரியோஸ் மோன்ட்டுக்கு 2013இல் இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டனை விதித்தார்கள். பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஷேலாவின் மொழிப் பள்ளிகள் சில இந்தப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தொடங்கியவை. அந்நியர் வந்து கேட்டுப் போனால் வெளி உலகத்துக்குச் செய்தி போகும் என்று அவற்றை நடத்தியவர்களில் பலர் நம்பினார்கள். படிக்க வருகிறவர் காதையும் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே ஏறக்குறைய பாடத்திட்டம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் தொண்டு. முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் இடத்தில் இருந்தாள். அங்கே தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள்தான், மதியம் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். ‘சென்யோ, சென்யோ’ என்று டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரியே இவளையும் கூப்பிட்டு மடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு சிறுமி, ‘நீங்கள் எந்த வெள்ளிக்கிழமை போவீர்கள்?’ என்று கேட்டிருக்கிறாள். அழுகை இல்லை, வருத்தம் இல்லை, பஸ் நேரம் கேட்கிற மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வெள்ளிக்கிழமை போய்விடுவார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே போக இவளுக்கு மனம் ஒப்பவில்லை. அவள் செய்தது சரி என்பது என் கட்சி. பிள்ளைகளோடு வேலை செய்ய மாதக்கணக்கில் தங்குகிறவர்களைத்தான் எடுப்போம் என்று பொறுப்புள்ள அமைப்புகள் சொல்வது இதனால்தான்.

பிறகு அடுப்புக் கட்டும் வேலைக்கு மாறினாள். மலைக் கிராமங்களில் இன்னும் பல வீடுகளில் மூன்று கல் வைத்து விறகெரிக்கிறார்கள். அறை முழுக்கப் புகை, முதுகில் குழந்தை. பக்கத்து மாகாணமான சான் மார்கோஸில் சில நூறு வீடுகளை எடுத்து, பாதிப் பேருக்குப் புகைபோக்கி வைத்த அடுப்புக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்த வீடுகளின் குழந்தைகளுக்குக் கடுமையான நிமோனியா குறைந்திருந்ததை 2011இல் வெளியான முடிவுகள் காட்டின. நர்சிங் மாணவிக்கு இதைவிட என்ன வேண்டும்? செங்கல், களிமண், மேலே கனமான இரும்புத் தகடு, கூரையைத் துளைத்துப் போகும் குழாய். கட்டுகிறவர் உள்ளூர்க் கொத்தனார். இவள் கல் சுமந்தாள், மண் குழைத்தாள், குழைத்த மண்ணில் தண்ணீர் கூடிப்போனதென்று மறுபடி குழைத்தாள். கொத்தனார் தனியாகவே இதைவிடச் சீக்கிரம் முடித்திருப்பார் என்பதை அவளே எழுதுகிறாள். தொண்டுக்கென்று அவள் கட்டிய பணம் தகடு வாங்கப் போயிற்று. உருப்படியான உதவி அதுதான்.

அந்த வீட்டில் நடந்த பேச்சையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரப் பெண்ணின் தாய்மொழி மாம் என்ற மாயா மொழி. ஸ்பானிஷ் அவர் சந்தையில் கற்றது. இவளுடையது பள்ளி மேஜையில் கற்றது. இருவரும் இரவல் மொழியில், தப்பும் தவறுமாக, விறகு விலையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் ஒரு மதியம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு ஸ்பானிஷே தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பேரன் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தான். குவாத்தமாலாவில் இப்படி 22 மாயா மொழிகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் படித்துவிட்டால் அந்த நாட்டோடு பேசிவிடலாம் என்ற அவளுடைய கணக்கு அந்த அடுப்படியில் கலைந்துபோனது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அவள் அங்கே செய்த பெரிய நன்மை காலையில் நடந்ததுதான். ஒரு ஆசிரியைக்கு வாராவாரம் கூலி, ஒரு குடும்பத்துக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும். அவள் காசு கொடுத்த மாணவி, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அந்த உறவில் யாரும் யாரையும் கைதூக்கிவிடவில்லை. மதியத்து வேலை பெரும்பாலும் அவளுக்கே பாடம். இதைப் படித்துவிட்டு, பெட்டியைக் கட்டித் தொண்டுக்குக் கிளம்பியிருக்கும் இளைஞர்கள் முகம் சுளிக்கலாம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகும்முன் பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள்: நான் கட்டும் பணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு போகிறது? மாணவர் வராத மாதங்களில் அவர் என்ன செய்கிறார்? நான் செய்யப்போகும் வேலைக்கு உள்ளூரில் கூலிக்கு ஆள் கிடைக்காதா? ஒழுங்கான இடம் என்றால் நேராகப் பதில் எழுதும்.

வாராந்திர ஊர்சுற்றலும் தொடரில் வருகிறது. ஃபுவென்தெஸ் ஹியோர்ஹினாஸ் வெந்நீர்ச் சுனை, 3,772 மீட்டர் சாந்தா மரியா எரிமலையில் இருட்டோடு ஏறி, கீழே சான்தியாகீத்தோ எரிமலை புகை கக்குவதைப் பார்த்தது, அமெரிக்கப் பள்ளிகள் கழித்துக் கட்டி, அங்கே வண்ணமடித்து ஓட்டும் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேராகப் போனது எல்லாம். அம்மாவுக்குச் சொல்லாமல் மறைத்த ஒரு வயிற்றுக்கோளாறு அத்தியாயமும் உண்டு. அச்சில் வந்த பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவர்கள் பாடு.

உங்கள் பிள்ளைகளும் இப்படி எங்கேயாவது போய் மொழி படித்திருந்தால், அவர்கள் எழுதிய கடிதங்களை அனுப்பி வையுங்கள். வாட்ஸாப் செய்தியாக இருந்தாலும் சரி. எழுத்துப் பிழைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்