குல்லாயைக் கழற்றுங்கள், பெரியம்மா

காரியாபட்டிச் சொந்தங்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை பார்க்க வரும் பெரியம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும்,

சித்திரையில் ஊருக்கு வந்துவிட்டு, பின்லாந்தில் இருக்கும் ஔலுவுக்குத் திரும்பிவிட்டேன். கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. குடிதண்ணீர், பஸ், கருவேலங்காடு என்று குறைசொல்ல ஆரம்பித்தால் நீங்களே எனக்கு மேல் பேசுவீர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டேன். என் வழக்கு ஒரு கம்பளிக் குல்லாயைப் பற்றியது.

நான் கிளம்பும் முன்பே அது தொடங்கிவிட்டது. "குளிர் நாட்டுல இருந்து வர்ற, பிள்ளைக்கு நல்ல ஸ்வெட்டரா பார்த்து வாங்கிட்டு வா" என்று வாட்ஸாப்பில் ஆளாளுக்குச் சொன்னீர்கள். மெல்லிய பருத்திச் சட்டைகள்தான் வாங்கி வந்தேன். பின்லாந்தில் இருந்துகொண்டு ஒரு ஸ்வெட்டருக்குக் கணக்குப் பார்த்த கஞ்சன் என்று பேர் கிடைத்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா மகளுடைய பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம். அக்னி நட்சத்திரம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் பிள்ளையின் காலைத்தான் தொட்டீர்கள். "ஐயோ, கால் சில்லுன்னு இருக்கே!" ஒருவர் சாக்ஸ் மாட்டினார். ஒருவர் ஃபேனை நிறுத்தினார். இன்னொருவர் உச்சி இன்னும் மூடவில்லை என்று குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, பூத்துண்டால் சுற்றியும் வைத்தார். சாயங்காலம் முகம் சிவந்து, பால் குடிக்காமல் சிணுங்கியது பிள்ளை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 38 டிகிரியைத் தாண்டி நிற்கிறது.

"பார்த்தியா, காத்துப் பட்டுக் காய்ச்சல் வந்துருச்சு. பிள்ளை வளர்க்கத் தெரியலையே இவளுக்கு."

பெற்றவள் அழுதாள். ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. குல்லாயையும் சாக்ஸையும் துண்டையும் கழற்றச் சொல்லிவிட்டு, பால் கொடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சூடு இறங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 தொட்டாலே டாக்டரிடம் காட்டியாக வேண்டும், ஓடியதில் தப்பில்லை. ஓடவைத்தது தப்பு. அந்தப் பெண்ணை அழவைத்தது அதைவிடத் தப்பு.

நான் வாயைத் திறந்தபோது, "ஆம்பளைக்கு என்னடா தெரியும்?" என்றீர்கள். தெரியும் பெரியம்மா. 2022 ஆகஸ்டில் வந்த சட்டப்படி பின்லாந்தில் தாய்க்கு 160 வேலைநாள், தகப்பனுக்கு 160 வேலைநாள் பிள்ளை வளர்க்க விடுப்பும் உதவித்தொகையும் உண்டு. என் பங்கை நான் எடுத்தேன். குளிப்பாட்டியது, துடைத்தது, உடுத்தியது எல்லாம் இந்தக் கைதான்.

அந்த ஊரில் பனி கொட்டுகிற தை மாதத்தில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து வீட்டுக்கு வெளியே தூங்கவிடுவார்கள். கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். ஔலுவிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளை வெளியில் தூங்க மைனஸ் 5 டிகிரிதான் தோது என்று பெற்றோர்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வட்டார நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கம்பளியைப் பற்றியது அல்ல. பிள்ளையின் பிடரியில், சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி. வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறை. அந்த வேர்வைதான் அப்புறம் குளிரை இழுத்துவரும் என்றார்.

"அது பின்லாந்து, இது காரியாபட்டி" என்பீர்கள். சரி, நம் பக்கத்துக்கே வருகிறேன். பிறந்த பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டத்தை இந்திய அரசு 2011-ல் கொண்டுவந்தது. அதில் வேலைசெய்கிறவர்களுக்குச் சொல்லித்தருவதும் இதே மாதிரித் தொட்டுப் பார்ப்பதுதான். புறங்கையால் வயிற்றைத் தொடு, பிறகு பாதத்தைத் தொடு. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் பிள்ளை சுகமாக இருக்கிறது. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லிப்பு என்றால் குளிர ஆரம்பித்திருக்கலாம். பிறந்து சில நாளே ஆன பிள்ளை என்றால் தாய் மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் மறுபடி தொட்டுப்பார். இரண்டுமே சில்லிட்டால் ஆபத்து. பாதம் சாட்சி சொல்லலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியது வயிறு. நீங்கள் சாட்சியை மட்டும் கேட்டுவிட்டுத் தண்டனை கொடுத்துவிடுகிறீர்கள்.

சின்னப் பிள்ளைக்குக் கைகால்வரை ரத்த ஓட்டம் சீராக வந்துசேர நாளாகும். அதனால்தான் உடம்பு சுகமாக இருக்கும்போதும் கால் குளுமையாக இருக்கிறது. தலையோ, உடம்பு அளவுக்குப் பார்த்தால் நம் தலையைவிடப் பெரிசு; சூடு வெளியேறுகிற பெரிய வாசல் அது. எடை குறைந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் குல்லாய் போடுவதும் அந்த வாசலை அடைக்கத்தான். அதே வாசலைச் சித்திரை வெயிலில் அடைத்தால் சூடு எங்கே போகும்? பெரியவர்கள் மாதிரி வேர்த்துக் கொட்டவும் பிள்ளைக்குத் தெரியாது. போர்வையைத் தள்ளவும் தெரியாது. மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாவட்டம் இது. சூடு என்ன செய்யும் என்று நமக்கா பாடம் எடுப்பார்கள்? அந்த அறிவைப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

குளிரைப் பற்றிய உங்கள் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் உடம்புச் சூட்டின் அளவு 36.5 முதல் 37.5 டிகிரி வரை. அதற்குக் கீழே இறங்கினால் அது குளிர்தான். வெயில் நாட்டிலும் பிள்ளைகளுக்கு அது நடக்கிறது. ஐப்பசி அடைமழையில், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையைக் குளிப்பாட்டி ஈரத்தோடு விட்டால் எளிதில் நடக்கும். அப்போதும் கம்பளியைவிட நல்ல மருந்து தாயின் தோல். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய ஒரு ஆஸ்பத்திரியில்தான் பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு கட்டிவைக்கும் கங்காரு முறை பிறந்தது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். 1.8 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12 ஆகக் குறைந்தது. 2021-ல் வெளிவந்த முடிவு அது. மாராப்புக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நம் பாட்டிகளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் அதைச் சித்திரையில் ஸ்வெட்டரோடு சேர்த்துச் செய்யவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாட்டாமை பண்ணுகிறான் என்று நீங்கள் பேசுவது எனக்கும் கேட்கிறது. நியாயம்தான். ராத்திரியில் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் ஆட்டோக்காரரை எழுப்புவது நீங்கள், நான் இல்லை. எங்களுக்கு அங்கே பிள்ளை பிறந்தபோது தூக்கிக்கொள்ள ஒரு பெரியம்மா கிடையாது. அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "கால் சில்லுன்னு இருக்காப்பா?" என்று தினமும் கேட்பாள். தொட முடியாதவள் வேறு என்ன கேட்பாள்? அவளிடம் நான் சண்டை போட்டதில்லை.

ஆனால் உங்களுக்குத் தொடக் கை இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வயிற்றைத் தொடுங்கள், பிடரியைத் தொடுங்கள். பெரியவர்களாகிய நீங்கள் ஒரு உடுப்போடு சுகமாக இருக்கிறீர்களா? அங்கிருந்து கணக்கை ஆரம்பியுங்கள். பிள்ளை துவண்டு கிடந்தாலோ, பால் உறிஞ்சாமல் போனாலோ, வயிறே சில்லிட்டாலோ மார்போடு அணைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மற்ற நேரத்தில் ஃபேன் ஓடட்டும். காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பெற்றவளிடம் மட்டும், "உனக்குத் தெரியல" என்று சொல்லிவிடாதீர்கள். நாள் முழுக்க அந்தப் பிள்ளையைத் தொட்டுக்கொண்டே இருப்பவள் அவள்தான்.

குல்லாய்தான் வேண்டும் என்றால் நானே நல்லதாக வாங்கி அனுப்புகிறேன். மார்கழி வரை பீரோவில் வைத்துப் பூட்டுவதாகச் சத்தியம் செய்தால்.

இப்படிக்கு,
உங்கள் கஞ்சன்,
ஔலு, பின்லாந்து