எந்தத் தேதியில்?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, எங்கள் சபைக்குப் புதிதாக வரும் ஒருவர் என் அத்தையிடம் கேட்டார்: "எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்கம்மா?"

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. கல்யாணமாகிச் சேலம் வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாகக் கோயிலுக்குப் போனவர். பத்து வருடம் கடைசிப் பாயில்தான் உட்கார்ந்தார். கேட்டுக் கேட்டுப் பாட்டெல்லாம் மனப்பாடமானது. ஞானஸ்நானம் எடுத்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தவன் நான்.

"தேதி தெரியலீங்க தம்பி."

"அப்ப நீங்க இன்னும் இரட்சிக்கப்படலீங்கம்மா."

அன்று மத்தியானம் அத்தை சாப்பிடவில்லை.

எது மெய்யான விசுவாசம் என்ற வழக்கு நம் சீமைக்குப் புதிதல்ல. அத்தை பிறந்த சேந்தமங்கலத்துக்கு 1623-இல் மதுரையிலிருந்து ஒரு சாமியார் வந்தார். காவி உடை, பாதக்குறடு, கையில் கமண்டலம். இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி. தமிழருக்குத் தத்துவ போதகர். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை ஆதரித்தார். நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் சேலத்தில் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

குடுமியும் பூணூலும் சந்தனமும் நீங்காமலே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்றார் நொபிலி. மதுரையில் அவருக்கு முன்பிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குருவானவரே அதை எதிர்த்து மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சச்சரவு அதோடு ஓயவில்லை. நொபிலி இறந்து பல காலத்துக்குப் பின், 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இத்தகைய வழக்கங்கள் பலவற்றுக்குத் தடையை உறுதிசெய்தார்.

எனக்கு நொபிலியிடமும் வருத்தம் உண்டு. குடுமியும் நூலும் மதத்தின் அடையாளமல்ல, குலத்தின் அடையாளம் என்பதுதான் அவர் வாதம். அந்த வாதத்தின் தோளில் ஏறிச் சாதியும் கோயிலுக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் உட்காருகிறவனை ஒதுக்குகிறவனிடம் விசுவாசம் உண்டா என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? தலைமயிரைப் பற்றி நூறு வருடம் வாதாடினார்கள். இன்று தேதி கேட்கிறோம். அத்தையின் அந்தப் பத்து வருடத்தை யாரும் கேட்பதில்லை. ஒரே ராத்திரியில் மனம் மாறியவர்கள் உண்டு, அவர்கள் சாட்சியை நான் மதிக்கிறேன். அத்தைக்கு நடந்தது அப்படியல்ல.

நேற்று அவரிடம் கேட்டேன், முதல்முதலாகத் தானாக ஜெபித்தது எப்போது என்று.

"உங்க மாமா வேலைக்குப் போனவரு வூடு திரும்பல. நல்ல மழை. கரண்டு இல்ல. புள்ளைங்க தூங்கிருச்சுங்க. ஐப்பசி மாசம் சாமி, அது நல்லா ஞாபகம் இருக்குது. வருஷந்தான் தெரியல."