சிறைக்குச் சூட்டிய பெயர்

சிவகாசிப் பகுதியில் வாழும் நமக்கு லேபிளின் அருமை நன்கு தெரியும். பெட்டியின்மேல் ஒட்டப்படும் தாள், உள்ளிருப்பது சரவெடியா, புஸ்வாணமா என்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். பொய் சொல்லும் லேபிளை எந்த வணிகரும் ஏற்கமாட்டார். ஆனால், 1990ஆம் ஆண்டு தொடங்கி இம்மாநிலத்தில் அரசே ஒட்டிவரும் ஒரு பொய்யை நாம் மறுப்பின்றி ஏற்று வருகிறோம். 'சிறப்பு முகாம்' என்பதே அந்தப் பொய்.

நம் மாவட்டத்துச் செவலூரிலும் ஆனைக்குட்டத்திலும் குல்லூர்சந்தையிலும் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் வாழும் முகாம்களை நீங்கள் அறிவீர்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் பெற்றவை அவை. நான் குறிப்பிடுவது வேறு. திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் உயர்ந்த மதில்களுக்கிடையே இருக்கும் சிறப்பு முகாமையே குறிப்பிடுகிறேன். இலங்கைத் தமிழரோடு வங்கதேசத்தவர், நைஜீரியர் போன்ற பிற நாட்டவரும் அங்கே அடைக்கப்பட்டிருக்கின்றனர்.

அது எவ்வாறு இயங்குகிறது? 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின்படி, ஒரு வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என அரசு ஆணையிடலாம். 2025இல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தபோதும் அதிகாரம் குறையவில்லை. நீதிமன்றத்தில் பிணை பெற்றவரையும், தண்டனை முடித்தவரையும், சிறை வாயிலிலிருந்தே இங்குக் கொண்டுவந்து விட ஓர் ஆணை போதும். இது சிறைவாசமன்று, நடமாட்டக் கட்டுப்பாடு மட்டுமே என்பது அரசின் விளக்கம். சிறை அன்று என்பதால், சிறைவாசிக்குரிய விடுதலை நாளும் இல்லை!

குண்டர் சட்டத்தில் பிடிபட்டவரை எண்ணிப் பாருங்கள். அவரை அடைத்ததற்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். அவரது வழக்கை அறிவுரைக் கழகத்தின்முன் வைக்க வேண்டும். 12 மாதங்களுக்குமேல் அவரை அடைத்து வைக்க இயலாது. குண்டருக்குக் கிடைக்கும் இந்தக் காப்பு அகதிக்கு ஏன் இல்லை?

முகாம் வெளியுலகோடு பேசுவது ஆணைகளால். உள்ளிருப்போர் பேசுவதோ பட்டினியால். 2021 ஆகஸ்டில் சிலர் தற்கொலைக்கே முயன்றனர். உயிரைப் பணயம் வைத்தால்தான் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வரும் என்னும் நிலையை எப்படி நிர்வாகம் என்பது?

2022 நவம்பர் 11 அன்று ராஜீவ்காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரையும் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவர்களுள் இலங்கையரான நால்வர் சிறையிலிருந்து நேரே இந்த முகாமுக்குச் சென்றனர். நால்வருள் ஒருவரான சாந்தன், தாயைக் காண வேண்டும் என்று ஏங்கியவர். தாயகம் திரும்ப ஒப்புதல் கிடைத்தும் பயணம் கைகூடவில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணம் சேர்ந்தது அவரது உடலே.

"நாட்டின் பாதுகாப்பு என்னாவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குற்றம் உண்டெனில் வழக்குத் தொடுக்கட்டும், தீர்ப்புப் பெறட்டும். தீர்ப்பு வந்தபின்னும் அடைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. அது நீதிமன்றத்தையே பொருட்படுத்தாத செயல்.

திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து பாருங்கள். ஆளுநர் பெலிக்சு, பவுலைத் தீர்ப்பின்றி ஈராண்டு காவலில் வைத்தான். அவனும்கூட, பவுலுக்குப் பணிவிடை செய்ய வரும் நண்பர்களைத் தடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தான். அவனுக்குப்பின் வந்த பெஸ்து, குற்றச்சாட்டு இன்னதென்று எழுதாமல் ஒரு கைதியைப் பேரரசனிடம் அனுப்புவது அறிவீனம் எனக் கூசினான். பிற இனத்து ஆளுநனுக்கு இருந்த அந்தக் கூச்சம் நம் ஆட்சியாளருக்கு வேண்டாமா? காரணமற்ற சிறைவைப்பை மனித மாண்புக்கு இழைக்கப்படும் இழிவுகளுள் ஒன்றாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே எண்ணியது. அதைப் போதிக்கும் நாம் வாய்மூடி இருக்கலாமா?

மூன்றைக் கேட்போம்: எழுத்தில் காரணம், வரையறுத்த காலம், தன்னுரிமையுள்ள மறுஆய்வுக் குழு. தேர்தல்தோறும் வாக்குக் கேட்டு வருவோரிடம் நம் அன்பியங்கள் இவற்றைக் கேட்கட்டும். அருகிலுள்ள மறுவாழ்வு முகாமுக்குச் சென்று, "உங்கள் வீட்டார் யாரேனும் திருச்சியில் உண்டா?" என்று விசாரிப்போம்.

சிவகாசி அச்சிடும் நாள்காட்டிகள் எங்கெங்கோ சுவர்களில் தொங்குகின்றன. ஆயுள் கைதிக்கும் அதில் எண்ணிப் பார்க்க ஒரு நம்பிக்கை உண்டு. திருச்சி முகாமில் இருப்பவர் எந்தத் தேதியை எண்ணுவார்? அன்னியராய் இருந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்று இறுதிநாளில் ஆண்டவர் கேட்கும்போது, "முகாம் என்றல்லவா பெயர்ப்பலகை இருந்தது!" என்று நாம் சொல்லித் தப்ப இயலாது.