உயிர்நூல் மாணாக்கரும் கற்பனா சக்தியும்

கற்பனை கவிஞர்க்கே உரியது. சாஸ்திரம் கற்போர்க்கு மனனமும் பொறுமையுமே போதும் என்று எண்ணுவார் பலர். இவ்வெண்ணம் பிழை என்பதை வேலியோரத்து ஊமத்தையே நமக்கு உணர்த்தும்.

டெல்லி சர்வகலாசாலையில் சிப்ரா குஹா அம்மையாரும் எஸ். சி. மகேசுவரி அவர்களும் ஊமத்தையின் மகரந்தப் பைகளைப் போஷணைக் கலவையில் இட்டு வளர்த்தனர். மகரந்தம் உண்டாகுங்கால் நிகழும் அணுப்பிளவை ஆராய்வதே அவர்தம் நோக்கம். ஆனால் அப்பைகளினின்று வெளிப்பட்டனவோ, விதையினுள் இருத்தற்குரிய கருக்களை ஒத்த சிற்றுருவங்கள்! சோதனை கெட்டதென்று குப்பியைக் கழுவியிருப்பின் காரியம் அவ்வளவில் முடிந்திருக்கும். அவர்களோ கண்டதை 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்; அவை எதனின்று பிறந்தன என்றும் ஆராய்ந்தனர். பையின் சுவரினின்று பிறந்தவையாயின் குரோமோசோம்கள் 24 இருக்கும். மகரந்தத்தினின்று பிறந்தவையாயின் 12 மட்டுமே இருக்கும். மகரந்தமே மூலமென்பது 1966-இல் தெளிவாயிற்று. இன்று நெல், பார்லி முதலிய பயிர்களில் தூய வகைகளை விரைந்து பெற இம்முறை உதவுகின்றது.

நம் சோதனைச்சாலைகளில் நிகழ்வது யாது? மாணாக்கர் மைக்ராஸ்கோப்பில் ஒன்றைக் காண்கின்றனர். ரிக்கார்டு நோட்டில் புத்தகப் படத்தையே வரைகின்றனர். இரண்டும் வேறுபடின் தம் கண்ணையே ஐயுறுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, பரீக்ஷையில் மார்க்கு புத்தகப் படத்திற்கே கிடைக்கின்றது.

அடிப்படை அறிவின்றிக் கற்பனை செய்தல் மணல்வீடு கட்டுதலே என்பாரை நாம் மறுக்கவில்லை. கருவின் உருவத்தை முன்னரே கல்லாதார் ஊமத்தைப் பையில் அதனை அறிந்திரார். ஆயினும், வினா எழுப்பப் பயன்படாத கல்வி பெட்டியில் பூட்டிவைத்த விதைநெல்லே ஆகும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகின்றோம். ஒவ்வொரு சோதனைக்கும் ரிக்கார்டில் ஒரு பக்கம் வெறுமையாக விடப்படுக. எதிர்பார்ப்பது யாது என்பதைச் சோதனைக்கு முன்னரும், கண்டது யாது, வேறுபாட்டின் காரணம் யாதாகலாம், அதனைச் சோதிக்கும் வழி யாது என்பவற்றைப் பின்னரும் மாணாக்கர் தம் சொற்களிலேயே எழுதுக. ஊகம் பிழைபடினும், சோதிக்கும் வழி செவ்விதாயின் அதற்கு மார்க்கு அளிக்கப்படுக.

இதற்காகும் செலவு ஒரு தாளே. மாணாக்கரே, உங்கள் கடமையும் ஒன்றுண்டு: அப்பக்கத்தை அயலார் நோட்டைப் பார்த்து நிரப்பாதீர்கள்!