அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எங்கே?

தேற்றாத்தீவு, செட்டிபாளையம், களுதாவளை என்று மட்டக்களப்பு – கல்முனை நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் எழுவான்கரைக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு முறைப்பாடு என் காதில் விழுகிறது. ஆலய வாசலிலும் கடைத்தெருவிலும் பஸ் தரிப்பிடத்திலும் பிச்சைக்காரர் தொல்லை கூடிவிட்டதாம். பொலிஸார் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆலய பரிபாலன சபையினர், கடைக்காரர்கள், விடுமுறைக்கு வந்திருக்கும் கனடாக்காரர்கள், சுவிஸ்காரர்கள். கூடவே ஒரு வாசகமும் தவறாமல் வரும்: "எங்கட ஊரில பிச்சை எடுக்கிறவர் ஒருத்தரும் இல்லை. வாறது எல்லாம் வெளியூர் ஆக்கள்."

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் மிக எளியது. ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு கான்ஸ்டபிள் வருவார், அதட்டுவார், முச்சக்கரவண்டியிலோ பஸ்ஸிலோ ஏற்றிவிடுவார். வாசல் துப்புரவாகிவிடும். ஏற்றப்பட்டவர் எங்கே கொண்டு போகப்பட்டார், எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய உத்தரவில், அது எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. பொலிஸார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மேடைதோறும் முழங்கும் எமது சமூகம் இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்பதே என் வழக்கு.

முதலில் சட்டம். பிச்சைக்காரரைப் பிடிக்கப் பொலிஸார் காட்டுவது 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம். இங்கிலாந்து 1824 இல் இயற்றிய சட்டத்தை அடியொற்றி ஆங்கிலேயர் இங்கே கொண்டு வந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. 1840 இல் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டத்தால் குடியானவரின் சேனையும் காடும் அரசுக்குப் போயின. மறு ஆண்டே, வேலையின்றி அலைபவன் குற்றவாளி ஆனான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அத்தகைய சட்டம்கூட ஒரு நிபந்தனை வைத்தது. உழைத்துப் பிழைக்க இயலுமாயிருந்தும் வேண்டுமென்றே மறுத்துப் பிச்சைக்கு அலைபவரையே அது குற்றவாளி என்றது. கால் இழந்தவர், கண் தெரியாதவர், எண்பது வயது மூதாட்டி, புத்தி பேதலித்தவர் ஆகியோர் அந்த வரைவிலக்கணத்துள் வருவதில்லை. பின்னர் 1907 இல் வந்த தடுப்பு இல்லங்கள் கட்டளைச்சட்டம் வலையை அகல விரித்தது; ஆனால் அதுவும் ஆளை நீதவான் முன் நிறுத்தச் சொன்னது. அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரையும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் அதையே வற்புறுத்துகின்றன: பிடித்தால் காரணம் சொல், நீதவானிடம் கொண்டு போ. பிடித்து ஏற்றி இன்னோர் ஊரின் எல்லையில் இறக்கிவிட எந்தச் சட்டமும் பொலிஸாருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

மாகாணச் செய்தியாளனாக இருந்த காலத்தில், கிழக்கின் ஒரு நகரப் பொலிஸ் நிலையத்தில் இதை நேராகக் கேட்டிருக்கிறேன். திருவிழாவுக்கு முதல் நாள் இரவு வீதியோரத்தில் படுத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரை லொறியில் ஏற்றியிருந்தார்கள். எத்தனை பேரைக் கைது செய்தீர்கள் என்று கேட்டேன். "கைது இல்லை, அப்புறப்படுத்தினோம்" என்றார் பொறுப்பதிகாரி. எங்கே? அதற்குப் பதில் இல்லை, தேநீர் வந்தது. மறுநாள் பத்திரிகையில் "யாசகர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்" என்றே செய்தி வந்தது. அந்தச் சொல் எமது பத்திரிகைகளில் இன்றும் அப்படியே வருகிறது. குப்பை அப்புறப்படுத்தப்படும், கட்டாக்காலி மாடு அப்புறப்படுத்தப்படும். கைது என்று எழுதினால் நேரம் வேண்டும், காரணம் வேண்டும், பெயர் வேண்டும், கையொப்பம் வேண்டும். அப்புறப்படுத்தலுக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

கொழும்பில் இதுவே பெரிய அளவில் நடந்தது. 2013 பொதுநலவாய மாநாட்டுக்கு முன்னர் தலைநகர் வீதிகளில் இருந்த யாசகர்கள் அகற்றப்பட்டார்கள். அம்பலாந்தோட்டைக்கு அருகே ரிதியகமவில் உள்ள தடுப்பு நிலையத்தின் பெயர் அப்போது பலமுறை அடிபட்டது. 2018 ஜனவரி முதல் கொழும்பில் பிச்சை எடுப்பது தடை என்று மாநகர அமைச்சு அறிவித்தது. 2021 ஏப்ரலில், வீதிச் சமிக்ஞை விளக்கருகே பிச்சை எடுப்பவர் மட்டுமல்லர், கொடுப்பவரும் அகப்படுவர் என்று பொலிஸ் பேச்சாளர் எச்சரித்தார்.

இப்போது இன்னொரு நாளை நினைவுபடுத்துகிறேன். 2007 ஜூன் 7. அன்று அதிகாலை கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். சொல்லப்பட்ட காரணம்: தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லோரும் அந்தப் பஸ்களில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் எம்மவர் கொதித்தெழுந்தார்கள். கொதிக்கத்தான் வேண்டும். சொந்த நாட்டில் ஒரு மனிதன் ஓரிடத்தில் இருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ஏற்றி அனுப்பலாம் என்ற நியாயத்தை நாம் அன்று ஏற்கவில்லை.

அதே நியாயத்தைத்தான் ஆலய வாசலில் நின்று கொண்டு இப்போது நாம் பேசுகிறோம். வெளியூரான், தெரியாத ஆள், இங்கே அவனுக்கு என்ன வேலை, ஏற்றி விடுங்கள். பஸ் அதே பஸ்தான்.

"இதென்ன ஒப்பீடு, அது இன ஒடுக்குமுறை, இது ஊர்த் துப்புரவு" என்பீர்கள். பொலிஸ் நிலையத்தின் உள்ளே அப்படி இரண்டு கதவுகள் கிடையா. கேள்வி கேட்பார் இல்லாத ஓர் ஆளை எப்படி நடத்தலாம் என்பதைக் காவலர் கற்றுக்கொள்வது கேள்வி கேட்பார் இல்லாத ஆட்களிடம்தான். 2009 ஒக்டோபர் 29 அன்று பம்பலப்பிட்டிக் கடலில் ஒரு தமிழ் இளைஞர் இறந்தார். மனநலம் குன்றியவர், ரயிலுக்கும் வாகனங்களுக்கும் கல் எறிந்தார் என்பது குற்றச்சாட்டு. கடலுக்குள் நின்று கைகூப்பிய அவரைத் தடியால் அடித்து ஆழத்துக்குத் தள்ளினார்கள். தொலைக்காட்சிக் கமரா அதைப் பதிவு செய்தது. பதிவில் இன்னொன்றும் தெரிந்தது: கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டம். ஒருவரும் இறங்கவில்லை. அவரை ஒரு தொல்லை என்று கரை முடிவு செய்துவிட்டிருந்தது.

எமது மாவட்டத்துக்கே வருவோம். 2021 ஜூனில் மட்டக்களப்பு இருதயபுரத்தில் இரவில் பிடிக்கப்பட்ட 22 வயது இளைஞர் பொலிஸ் காவலில் இறந்தார். போதைப்பொருளை விழுங்கியதால் வந்த மரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. நீதிமன்ற உத்தரவின் பேரில் உடல் தோண்டி எடுக்கப்பட்டு மறுபரிசோதனைக்குப் போனது. அந்தக் குடும்பம் விடாமல் கேட்டது, சட்டத்தரணிகள் கேட்டார்கள், அதனால் புதைகுழி திறந்தது. வீடற்ற ஒருவர் காவலில் இறந்தால் கேட்பதற்கு யார் உண்டு? முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலைதோறும் வைத்தியசாலைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் தொலைபேசி எடுத்துச் செய்தி சேகரித்தவன் நான். "அடையாளம் காணப்படாத சடலம்" என்ற ஒற்றைப் பத்திச் செய்தியை எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுக்கு அடுத்த நாள் தொடர்ச்சி இருந்ததில்லை.

இந்த அலட்சியம் அடிமட்டத்தோடு நிற்பதும் இல்லை. களவுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில், தேசபந்து தென்னகோன் உரிமை மீறலுக்குப் பொறுப்பாளி என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். இரண்டு மாதத்தில் அவர் நிரந்தரப் பொலிஸ் மா அதிபராகவும் ஆக்கப்பட்டார்! 2024 ஜூலையில் நீதிமன்றம் அவரைத் தடுத்து நிறுத்தி, 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் நீக்கும் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் சென்றது. களவுச் சந்தேகத்தில் பிடிபட்ட, செல்வாக்கற்ற ஒரு மனிதரின் வழக்கு அது என்பதைக் கவனியுங்கள்.

செட்டிபாளையத்திலும் எழுவான்கரை, படுவான்கரை எங்கும் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். அம்மன் எதற்காகக் கொதித்தாள்? மதுரைக்கு வந்த வெளியூரான் ஒருவனின் கையில் சிலம்பு இருந்தது. பொற்கொல்லன் ஒருவன் கள்வன் என்றான். அரசன் விசாரிக்கவில்லை, காவலர் வெட்டினார்கள். அந்தக் கோபத்தை ஆற்ற ஆண்டுதோறும் பொங்கல் வைக்கும் மக்களாகிய நாம், ஆலய வாசலில் நிற்கும் வெளியூரானைப் பார்த்ததும் பொற்கொல்லன் வேலையை ஏற்றுக்கொள்கிறோம். அதே வாசலில், நேர்த்திக்கடனுக்காகப் பட்டுடுத்தி மடிப்பிச்சை கேட்டு வருபவருக்கு இரு கையாலும் அரிசி போடுகிறோம். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் இந்த நெடுஞ்சாலையால் போகும்போது சோறும் மோரும் தேடிக் கொடுக்கிறோம். வசதி உள்ளவர் கேட்டால் பக்தி. வயிறு காய்ந்தவர் கேட்டால் தொல்லை.

பிச்சை ஒரு தொழிலாகிவிட்டது, பின்னால் ஒரு கும்பல் இருக்கிறது, பிள்ளைகளை வாடகைக்கு எடுக்கிறார்கள், போதைக்குக் காசு தேடுகிறார்கள் என்பார்கள். இவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைப் பிச்சைக்கு ஏவுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அப்படியானால் ஏவுபவரைப் பிடிக்கட்டும், வழக்குப் போடட்டும், பிள்ளையை நன்னடத்தைத் திணைக்களத்திடம் ஒப்படைக்கட்டும். கும்பல் இருக்கிறது என்று மெய்யாகவே நம்பும் பொலிஸ் அதிகாரி, கையில் கிடைத்த சாட்சியை அடுத்த ஊரில் இறக்கிவிட்டு வருவாரா?

பிச்சை எடுப்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் எழுவான்கரைக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 கடற்கோள் இந்தக் கரையை அடித்தது. 2006, 2007 இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து ஆயிரக்கணக்கானோர் பாயும் பானையுமாக இந்தப் பக்கம் வந்து பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள். நிவாரண வரிசையில் நின்ற எவரையும் அன்று வெளியூரான் என்று நாம் துரத்தவில்லை. பின்னர் நுண்கடன், 2022 இன் விலையேற்றம், சமுர்த்தி போய் 2023 இல் வந்த அஸ்வெசும பட்டியலில் விடுபட்டவர்களின் மேன்முறையீடுகள். ஆதரவற்ற முதியவருக்கு அரசு கொடுத்த மாதாந்தப் பொதுசன உதவிப்பணத்துக்கு எம்மக்கள் வைத்த பெயரே "பிச்சைச் சம்பளம்". அந்தச் சம்பளத்தில் ஒரு கிழமை சீவிக்க முடிந்தால் அந்த மூதாட்டி ஏன் வெயிலில் வந்து நிற்கிறார்?

வேறு நாடுகளின் நீதிமன்றங்கள் இதில் சில தூரம் நடந்துவிட்டன. 2018 ஓகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகள் தில்லியில் செல்லாது என்றது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், ஜெனீவா வீதியில் கையேந்திய ஓர் ஏழைப் பெண்ணுக்கு 500 பிராங் தண்டம் விதித்து, கட்டாததற்கு ஐந்து நாள் அடைத்து வைத்தது அவரது மனித கண்ணியத்தை மீறிய செயல் என்று சுவிற்சர்லாந்தைக் கண்டித்தது. சுவிஸில் வாழும் எம்மவர் பலர் அந்தச் செய்தியை வாசித்திருப்பார்கள். ஊருக்கு வரும்போது அதையும் கொண்டு வந்தால் என்ன?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. ஒரு வரி எழுதுங்கள் என்கிறேன். எவரைப் பிடித்தாலும் பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தில் பெயர், நேரம், காரணம், பிடித்தவர், விடப்பட்ட இடம் எழுதப்பட வேண்டும். அவர் பேசும் மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். ஆலய பரிபாலன சபையார் தொலைபேசி எடுக்க விரும்பினால் முதலில் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் எடுக்கட்டும். பொலிஸார் வந்தேயாக வேண்டும் என்றால், வந்தவரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்கட்டும். சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் பொறுப்பதிகாரிக்கு மாலை போடும் நேரத்தில் இதையும் ஒரு கேள்வியாக வைக்கலாம். எழுத மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் முறைப்பாடு செய்யலாம்.

அதற்கு முன், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். இதற்குச் சட்டத்தரணி வேண்டாம். தேற்றாத்தீவில் உயர்தரம் படிக்கும் பிள்ளையே எழுதிவிடும். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பொலிஸ் பிரிவில் பிச்சை எடுத்ததற்காகப் பிடிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? நீதவான் முன் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? நிறுத்தப்படாதவர்கள் எங்கே விடப்பட்டார்கள், எந்தச் சட்டத்தின் கீழ்? பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பதில் தமிழில் வேண்டும் என்று கடைசி வரியில் குறிப்பிடுங்கள். பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.