ஊர் திரும்ப அழைத்தால் சேரி எங்கே நிற்கும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மெக்கோஸ்டா மாவட்டத்தில் கிரீன் சார்ட்டர் என்றொரு டவுன்ஷிப் இருக்கிறது. நம் ஊராட்சி மாதிரியான அமைப்பு. மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். சீன நிறுவனம் ஒன்றின் அமெரிக்கக் கிளையான கோஷன், மின்வாகன பேட்டரிக்கான பாகங்கள் செய்யும் ஆலையை அங்கே கட்டப்போவதாக 2022இல் அறிவித்தது. முதலீடு 236 கோடி டாலர், வேலை 2,350 பேருக்கு என்றார்கள். டவுன்ஷிப் போர்டு ஆதரவு தெரிவித்தது. ஊர் கொதித்தது. 2023 நவம்பர் 7ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், வாக்குச்சீட்டில் பெயர் இருந்த ஐந்து போர்டு உறுப்பினர்களும் பதவிக்காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புதிதாக வந்தவர்கள் ஆதரவைத் திரும்பப் பெற்றார்கள், நிறுவனம் நீதிமன்றம் போனது, இழுபறிக்குப் பிறகு 2025இல் திட்டமே கைவிடப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, பக்கத்திலேயே இருக்கும் மான்ட்காம் மாவட்டத்திலும் இதுதான் நடந்தது. அங்கே பிரச்சினை காற்றாலை. அதற்கு ஆதரவாக நின்ற டவுன்ஷிப் நிர்வாகிகளைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்புகள் 2022 நவம்பரில் நடந்தன. பலர் பதவி இழந்தார்கள்.

எங்கள் ஆய்வாளர் நண்பர்கள் குழுவில் இந்தச் செய்தி வந்தபோது உற்சாகம் கரைபுரண்டது. 'இதுதான் தோழர் மக்களாட்சி. இப்படி ஒரு சட்டம் நம்மிடம் இருந்திருந்தால் கூடங்குளத்தில் என்ன நடந்திருக்கும் யோசியுங்கள்' என்று ஒருவர் எழுதினார். நானும் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டேன். போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சித் தலைவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மிச்சிகன். அந்த மாநிலச் சட்டப்படி, ஒரு பகுதியில் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 25 சதவிகிதத்துக்கு இணையான கையெழுத்து திரட்டினால் திரும்ப அழைக்கும் தேர்தல் நடக்கும். மனுவில் எழுதும் காரணம் உண்மை சார்ந்ததாகவும் தெளிவாகவும் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அந்தக் காரணம் நியாயமா என்று யாரும் கேட்பதில்லை. 'இன்ன தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்' என்று எழுதினாலே போதும். அந்த நிர்வாகி லஞ்சம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. பெரும்பான்மைக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்திருந்தால் போதுமானது.

கிரீன் சார்ட்டரில் எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. மஸ்கீகன் ஆறு கெட்டுவிடும், நிலத்தடி நீர் போய்விடும் என்ற கவலை நியாயமானது. தன்னைக் கேட்காமல் பேரம் முடித்துவிட்டார்கள் என்ற கோபமும் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பிரச்சாரத்துக்கு ஊர் எல்லையைத் தாண்டிய சத்தத்தைக் கொடுத்தது 'சீனக் கம்யூனிஸ்ட் கட்சி நம் ஊருக்குள் வருகிறது' என்ற பீதி. வாக்குச்சீட்டில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆற்றுக்காகப் போட்ட ஓட்டும் சீனர்மீதான வெறுப்பில் போட்ட ஓட்டும் ஒரே பெட்டியில்தான் விழுந்தன.

மான்ட்காம் உருளைக்கிழங்குக்குப் பேர்போன மாவட்டம். மிச்சிகனின் வயல்களிலும் தோட்டங்களிலும் அறுவடைக்காலத்தில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வரும் புலம்பெயர் தொழிலாளர்கள். அவர்களில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை. காற்றாலை வந்தால் குத்தகைப் பணம் நில உரிமையாளருக்குப் போகும். வராவிட்டால் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி வீட்டு உரிமையாளருக்கு மிஞ்சும். அந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்தவருக்கு இந்தச் சண்டையின் இரண்டு பக்கத்திலும் இடமில்லை. திரும்ப அழைப்பதை மக்களின் குரல் என்று எழுதும்போது, யாரெல்லாம் அந்த மக்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்காவது இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. இப்படி ஊருக்கு ஊர் தடையும் திரும்ப அழைப்பும் நடந்துகொண்டிருந்த நிலையில், 2023 நவம்பர் இறுதியில் மிச்சிகன் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் திட்டங்களுக்கும் 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைத் திட்டங்களுக்கும் உள்ளூரைத் தாண்டி மாநிலப் பொதுச்சேவை ஆணையமே அனுமதி கொடுக்க அது வழிசெய்தது. அந்த ஆணையத்தில் மூன்று பேர். மூவரும் ஆளுநரால் நியமிக்கப்படுபவர்கள். அவர்களைத் திரும்ப அழைக்க எந்த டவுன்ஷிப்வாசியாலும் முடியாது. ஊர்க்காரர்கள் ஆளை மாற்றினார்கள், தலைநகரம் அதிகாரம் இருக்கும் இடத்தையே மாற்றிக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். திரும்ப அழைக்கும் உரிமை இந்தியாவுக்குப் புதிதில்லை. 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் கேட்டார். 2011இல் அண்ணா ஹசாரே கேட்டார். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அது வரவேயில்லை. வந்த இடம் உள்ளாட்சி. மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் வைத்திருக்கின்றன. சத்தீஸ்கரில் 2008இல் மூன்று ஊர்களின் நகராட்சி அமைப்புத் தலைவர்கள் வாக்கெடுப்பில் பதவி இழந்தார்கள். 2020இல் ஹரியானா தன் ஊராட்சிச் சட்டத்தில் அதைச் சேர்த்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அமைச்சருக்கும் இல்லாத கத்தி, தலித்துகளும் பெண்களும் இடஒதுக்கீட்டின் வழியாகப் பெரும் எண்ணிக்கையில் வந்து உட்கார்ந்த அந்த ஒரே நாற்காலிக்கு மேல் மட்டும் தொங்குவது தற்செயலா?

தமிழ்நாட்டில் வாக்காளர் நேரடியாகத் திரும்ப அழைக்கும் முறை இல்லை. இங்கே 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு இருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் புகார் எழுதிக் கொடுத்தாலோ, தானாகவோ மாவட்ட ஆட்சியர் தலைவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். விளக்கம் திருப்தியில்லை என்றால் தாசில்தார் கூட்டம் நடத்தி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். கடைசி முடிவு ஆட்சியருடையது. தேர்ந்தெடுக்கப்பட்டவரை ஓர் அதிகாரி பதவிநீக்கம் செய்வது மக்களாட்சிக்கு இழுக்கு என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இப்போதும் அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்தத் தலைவரின் கதையைச் சொல்ல வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு தென்மாவட்டத்து மானாவாரி நிலங்களில் வரும் சூரிய மின் திட்டங்களைப் பற்றியது. ஊர்ப் பெயர் வேண்டாம். 2019 டிசம்பர் தேர்தலில், பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவர் அவர். அதற்கு முன் நூறு நாள் வேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போனவர். ஊரில் ஒரு சோலார் கம்பெனிக்கு நிலம் சேர்க்கத் தொடங்கினார்கள். சூரிய மின் திட்டத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அனுமதியும் தேவையில்லை, மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை. தரகர், பட்டாதாரர், பத்திர ஆபீஸ் மூன்றும் கூடினால் காரியம் முடிந்தது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரி சுட்டவர்களையும் ஆடு மேய்த்தவர்களையும் கேட்க அந்த ஏற்பாட்டில் எந்தக் கட்டமும் கிடையாது.

அவர் திட்டத்தைக்கூட எதிர்க்கவில்லை. ஓடைப் புறம்போக்கையும் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையையும் வேலிக்குள் சேர்க்கக் கூடாது என்று கிராமசபையில் ஒரு தீர்மானம் வைத்தார். அவ்வளவுதான். துணைத்தலைவர் செக்கில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். மோட்டார் ரிப்பேர் செய்தவருக்குப் பணம் போகவில்லை, தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியவில்லை. 'இந்தம்மா வந்துதான் ஊர் இருண்டு போச்சு' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. மூன்றாவது மாதம், ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஏழு பேர் கையெழுத்திட்ட புகார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது. புகாரில் சோலார் என்ற சொல்லே இல்லை. 'நிர்வாகத் திறமையின்மை' என்று இருந்தது.

ஆட்சியர் அலுவலகத்தின் வழக்கமான மந்தகதியில் அந்தக் கோப்பு தூங்கியது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். மறுபடி கேட்டார்கள். நான் ஒருமுறை அவரிடம், 'இப்படி அலைக்கழிப்பதற்குப் பதில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டிருந்தால் நல்லது இல்லையாக்கா?' என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

'ஓட்டு வச்சிருந்தா ஒரே நாள்ல என்னய அனுப்பியிருப்பாங்க தம்பி. காலனில நாங்க நூத்திச்சில்றை ஓட்டு. ஊர்ல அறுநூறு இருக்கு. நான் செயிச்சதே அவுகளுக்குள்ள ரெண்டு பிரிவா நின்னு ஆளுக்கொருத்திய நிறுத்துனதுனால. ஆபீசர் இழுத்தடிச்சாரு பாருங்க, அதுலதான் நான் பொழச்சேன்.'

அரசு எந்திரத்தின் சோம்பல் ஒரு தலித் பெண்ணின் பதவியைக் காப்பாற்றியது என்பதை நான் எந்த அத்தியாயத்தில் எழுதுவது? என் நெறியாளரும் பதில் சொல்லவில்லை.

நம் கிராமங்களுக்குத் திரும்ப அழைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டதே இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நினைவிருக்கிறதா? 1996இல் தனி ஊராட்சிகளாக அறிவிக்கப்பட்ட பிறகு பத்தாண்டு காலம் அங்கே ஒரு தலைவர் நிலையாக உட்கார முடியவில்லை. தேர்தல் நடத்தவிடவில்லை. நடந்தபோது தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் ராஜினாமா கடிதம் வாங்கினார்கள். 2006இல்தான் அது மாறியது. மேலவளவில் ராஜினாமாவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். இந்த ஊர்களின் கையில் சட்டப்படியான ஒரு மனுப் படிவத்தையும் கொடுத்துவிட்டு அதற்கு நேரடி மக்களாட்சி என்று பெயர் வைக்கச் சொல்கிறீர்களா, தோழர்?

இதை எழுதும்போது எதிர்வாதம் ஒன்று என்னை உறுத்துகிறது. தனித் தொகுதியில் ஆதிக்கச் சாதியினர் தங்கள் பண்ணையாளை நிறுத்தி வெல்ல வைத்தால், அந்தப் பினாமித் தலைவரைத் தூக்கி எறிய சேரிக்கு ஒரு வழி வேண்டாமா? வேண்டும். திரும்ப அழைக்கும் உரிமையை அதிகம் தேவைப்படுகிறவர்களே அதைப் பயன்படுத்த முடியாத எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலுக்கு நம் வரலாற்றிலேயே ஒரு விடை முயற்சி இருக்கிறது. புனா ஒப்பந்தத்துக்குப் பின் தலித் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது பொது வாக்காளர் என்றானது. யாருக்காக அந்த இடமோ அவர்கள் வேண்டாம் என்றவரே வெல்லலாம் என்பதுதான் அம்பேத்கரின் குற்றச்சாட்டு. 1947 ஆகஸ்டில் அரசமைப்பு அவையில் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித் தொகுதியில் வெல்பவர் பட்டியலினத்தவர் அளித்த வாக்குகளில் 35 சதவிகிதத்தையாவது பெற்றிருக்க வேண்டும் என்றது அது. படேல் கடுமையாக எதிர்த்தார், திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் திரும்ப அழைக்கும் சட்டம் வேண்டும் என்று மேடை போடுகிறவர்கள் அந்தத் திருத்தத்தைத் தூசு தட்டி எடுக்கட்டும். தனி ஊராட்சித் தலைவரை நீக்கப் பட்டியலின வாக்காளர்களின் தனிப் பெரும்பான்மையும் தேவை என்று எழுதுங்கள். அவர்கள் மட்டுமே மனுவைத் தொடங்க முடியும் என்றும் எழுதுங்கள். பிறகு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ரகசிய வாக்கெடுப்பில் சாதிவாரியாக எண்ணுவது எப்படி என்று கேட்பார்கள். தனி வாக்குப்பெட்டி வைத்தாலே எண்ணிவிடலாம். ஊரையும் சேரியையும் தனித்தனியாக வைத்துப் பழகிய நாட்டுக்குப் பெட்டி ஒரு பிரச்சினையா?

திட்டம்தான் பிரச்சினை என்றால் அந்தத் திட்டத்தின்மேல் வாக்கெடுப்பு கேட்கலாம். 2013இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ஒடிசாவின் நியாம்கிரியில் 12 கிராமசபைகள் கூடி வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை வேண்டாம் என்றன. எந்தத் தலைவரையும் பலிகொடுக்க வேண்டியிருக்கவில்லை. நில உரிமைப் பத்திரம் இல்லாதவருக்கும் அந்தச் சபையில் பேச இடமிருந்தது. சோலாருக்கும் காற்றாலைக்கும் அப்படியொரு கிராமசபைக் கட்டாயத்தைக் கேட்பதுதான் என் கணக்கில் முதல் வேலை. அதிலும் ஊர்ப் பெரும்பான்மை உட்கார்ந்திருக்கும், தெரியும். நிலமற்றவர்களின் வாழ்வாதாரத்துக்கெனத் தனித் தீர்மானம் இல்லாமல் அந்தச் சபையின் ஒப்புதல் செல்லாது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அந்தத் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வராததால் ஊராட்சி தனி அலுவலரின் கைக்குப் போனது. சில மாதம் கழித்துப் போனபோது ஓடையைச் சேர்த்து வேலி போட்டிருந்தார்கள். சுடுகாட்டுப் பாதை மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குத் தப்பியிருந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியில் நான்கு பேர் போக முடியாது, இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று அக்கா நடந்தே காட்டினார். கிராமசபைத் தீர்மானத்தின் நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இன்னும் வைத்திருக்கிறார். அடுத்த முறை அந்த இடம் பொதுவாகிவிட்டால் நிற்க முடியாதே என்று கேட்டதற்கு, பொது என்றால் எல்லாரும் நிற்கலாம் என்றுதானே அர்த்தம் என்று திருப்பிக் கேட்டார்.