எல்லோருக்கும் பொறுப்பாம்!

தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்குள் தினமும் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளிகள் நுழைகிறார்கள். முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிஞ்சுகள் பகல் முழுவதும் பால்வாடியிலோ தனியார் காப்பகத்திலோ கிடக்கின்றன. அங்கே குழந்தையின் மீது தகாத கை பட்டால், உடம்பில் அடித்த தழும்பு தெரிந்தால், விசாரித்துப் போலீசுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? “எல்லோருக்கும் பொறுப்பு” என்கிறார்கள். அதாவது, ஒருவருக்கும் இல்லை!

சட்டம் இல்லையா? இருக்கிறது. குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அறிந்தும் புகார் செய்யாதவருக்கு 6 மாதம் வரை சிறை என்கிறது 2012ம் வருடப் போக்சோ சட்டம். கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 1 வருடம் வரை சிறை. காப்பக ஊழியர்களைப் பற்றிப் போலீஸ் விசாரணை வேண்டும், பயிற்சி வேண்டும் என்கின்றன 2020ம் வருட விதிகள். ஏட்டில் இருப்பதை நடத்திக் காட்டும் ஆள் எங்கே?

இங்கிலாந்தில் ஒவ்வொரு மழலையர் காப்பகமும் இதற்கென்று ஒருவரைப் பெயர் குறித்து நியமித்துப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். அங்கே நடப்பதும் முதலாளித்துவ ஆட்சிதான்! அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

“அங்கன்வாடி ஊழியர் பார்த்துக்கொள்வார்” என்று சிலர் தட்டிக் கழிக்கிறார்கள். சமையல், எடை, பதிவேடு, செல்போன் பதிவு என்று அவர் தலையில் ஏற்றிய சுமை போதாதா? 1975ல் திட்டம் பிறந்தது முதல் மத்திய சர்க்காருக்கு அவர் ‘கௌரவ’ ஊழியர். பணிக்கொடை உரிமைக்கே 2022ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வர வேண்டியிருந்தது! விபரீதம் நடந்தால் மட்டும் முதல் பலி அவரும் ஆயாவும்தான்.

2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பஸ்ஸில், தளத்து ஓட்டை வழியே விழுந்து 2ம் வகுப்புச் சிறுமி மாண்டாள். அதன் பிறகே பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிணம் விழ வேண்டுமா?

நாம் கோருவது இதுதான்: ஒவ்வொரு பால்வாடியிலும் காப்பகத்திலும் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரைச் சுவரில் எழுது! அவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடு! அவருடைய பழைய வேலையைப் பங்கிட இன்னொரு ஆளைப் போடு! தனியார் காப்பகத்தில் அந்தச் செலவை முதலாளி ஏற்கட்டும்!

தோழர்களே! ஆபத்து என்றால் 1098க்குப் போன் செய்யுங்கள். ஆனால் ஆபத்து வரும்வரை காத்திருக்காதீர்கள். தாய்மார்கள் பத்துப் பேராகச் சேர்ந்து வாசலில் நின்று கேளுங்கள்: “எங்கள் குழந்தைக்கு இங்கே பொறுப்பு யார்? பெயரைச் சொல்!”